ஃபிரீமேசன் வரலாற்றை ஆராய்வது எப்படி: லாட்ஜ் எண்ணில் தொடங்கி மூல ஆவணம் வரை

ரகசியச் சடங்குகளோடு கூடும் சகோதரச் சங்கத்தாரான ஃபிரீமேசன்கள் (சுருக்கமாக மேசன்கள்) பற்றிய எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. சாலமோன் கட்டிய ஆலயத்திலிருந்தே தங்கள் சங்கம் தொடர்ந்து வருகிறது என்று உள்ளிருந்து எழுதியவர்கள் ஒருபக்கம். உலகத்தையே மறைவில் நின்று ஆட்டுவிக்கிறார்கள் என்று வெளியிலிருந்து எழுதியவர்கள் மறுபக்கம். இரண்டு குவியலையும் தள்ளி வைத்துவிட்டுத் தேடினால் கையில் கிடைப்பது ஏராளமான காகிதம்: உறுப்பினர் பதிவேடு, கூட்டக் குறிப்பேடு, சந்தாக் கணக்கு, கடிதக் கட்டு. இவர்கள் மறைத்தது சடங்கைத்தான். யார் வந்தார், யார் சந்தா பாக்கி, இரவு விருந்துக்கு எவ்வளவு செலவு என்பதையெல்லாம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கண்டிப்போடு எழுதி வைத்தார்கள்.

அந்தக் காகிதங்களை எந்த வரிசையில் தேடுவது, எங்கே வழுக்கும் என்பதே இங்கே சொல்லப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்தும், அவற்றின் கிளையாகச் சென்னையிலும் திருச்சியிலும் நடந்தவற்றிலிருந்தும் வருகின்றன. ஒரு பழக்கத்தை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். எந்தத் தகவலைக் குறித்தாலும் இரண்டு தேதி எழுதுங்கள்: அந்த நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் தேதி, அதைச் சொல்லும் ஆவணம் எழுதப்பட்ட தேதி. இந்தத் துறையில் விளைந்த குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்தது.

எந்தக் கிராண்ட் லாட்ஜ்?

ஃபிரீமேசன்களுக்கு உலகத் தலைமையகம் கிடையாது. நாட்டுக்கு நாடு ஒரு கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமை அமைப்பு, அதன் கீழே லாட்ஜ் எனப்படும் பல கிளைச் சங்கங்கள். ஒவ்வொரு கிராண்ட் லாட்ஜும் தன் ஆவணங்களைத் தன்னிடமே வைத்திருக்கும். தவறான கிராண்ட் லாட்ஜின் பதிவேட்டைப் புரட்டினால் எத்தனை மாதம் தேடினாலும் ஆள் அகப்படமாட்டார். 'அவர் மேசனே இல்லை' என்று முடிவு கட்டிவிடும் அபாயமும் உண்டு.

பிரிட்டிஷ் தீவுகளில் மூன்று அமைப்புகள். இங்கிலாந்துடையதின் கதையைப் பின்னால் பார்ப்போம். அயர்லாந்துடையதற்கு முதல் சான்று 1725இல் கிடைக்கிறது. ஸ்காட்லாந்துடையது 1736இல் அமைந்தது. இந்தியாவில் இந்த மூன்றும் அருகருகே இயங்கின. லாட்ஜின் எண்ணுக்குப் பின்னால் ஈ.சி. என்று இருந்தால் இங்கிலாந்து, ஐ.சி. என்றால் அயர்லாந்து, எஸ்.சி. என்றால் ஸ்காட்லாந்து. பழைய சான்றிதழிலோ பதக்கத்திலோ கல்லறைக் கல்லிலோ இந்த இரண்டெழுத்து கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இங்கிலாந்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1751 முதல் 1813 வரை லண்டனில் இரண்டு கிராண்ட் லாட்ஜ்கள் போட்டி போட்டுக்கொண்டு நடந்தன. பின்னால் வந்த அமைப்பு தன்னை 'ஏன்ஷியண்ட்ஸ்' என்று சொல்லிக்கொண்டு, மூத்த அமைப்புக்கு 'மாடர்ன்ஸ்' என்று பெயர் சூட்டிவிட்டது. அந்தப் பெயரே வரலாற்றிலும் நிலைத்தது. எண்வரிசையும் பதிவேடும் இரண்டுக்கும் தனித்தனி. 1813 டிசம்பர் 27 அன்று இணைந்து ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் ஆனார்கள். ஆகவே 1813க்கு முந்தைய ஆளைத் தேடும்போது இரண்டு வரிசைப் பதிவேட்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

1961 நவம்பரில் இந்திய கிராண்ட் லாட்ஜ் உருவானது. பல லாட்ஜ்கள் அதில் சேர்ந்து புதிய எண் பெற்றன; சில பழைய அமைப்பிலேயே நீடித்தன. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆய்வு என்றால் உங்கள் லாட்ஜ் எந்தப் பக்கம் போனது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பெண்களைத் தேடுபவர்கள் இந்தப் பதிவேடுகள் எதிலும் நேரம் செலவழிக்க வேண்டாம். ஆண், பெண் இருவரையும் சேர்த்த 'லெ துருவா யுமேன்' என்ற அமைப்பு 1893இல் பாரிஸில் தொடங்கியது. அன்னி பெசண்ட் 1902இல் அதில் சேர்ந்து பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். இதை ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் ஏற்கவில்லை, அதனால் அதன் பட்டியல்களில் இது இடம்பெறாது. அடையாறு பிரம்மஞான சபையின் வெளியீடுகளும் அந்த அமைப்பின் சொந்த ஆவணங்களுமே வழி.

தேதியைச் சரிசெய்யுங்கள்

மேசன் ஆவணங்களில் 5786 என்று ஆண்டு போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். உலகம் கிறிஸ்துவுக்கு 4000 ஆண்டு முன் படைக்கப்பட்டது என்ற கணக்கு அது. 4000ஐக் கழித்தால் 1786. மேசன்களுக்குள்ளேயே வேறு சில பிரிவுகள் உண்டு, அவற்றுக்குக் கணக்கு வேறு: ராயல் ஆர்ச் பிரிவின் தாள்களில் 530ஐயும், ஸ்காட்டிஷ் ரைட் தாள்களில் 3760ஐயும் கழிக்க வேண்டும். நைட்ஸ் டெம்ப்ளர் பிரிவில் மட்டும் 1118ஐக் கூட்ட வேண்டும்.

பிரெஞ்சு ஆவணம் இன்னொரு பொறி வைக்கும். அங்கே மேசன் ஆண்டு மார்ச் 1இல் தொடங்கும், மாதத்துக்குப் பெயர் போடாமல் எண் போடுவார்கள். '5786, முதல் மாதம், 3ஆம் நாள்' என்றால் 1786 மார்ச் 3. அதே 5786இன் பதினோராவது மாதம் 1787 ஜனவரி ஆகிவிடும். கழித்துவிட்டு 1786 என்று எழுதினால் ஓராண்டு பிசகும்.

இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரித் தேதிகளை இரண்டு ஆண்டும் போட்டு '1720/21' என்று குறிப்பதே பாதுகாப்பு. ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. அங்குள்ள மிகப் பழைய லாட்ஜ் குறிப்பேடான எயிட்சின்ஸ் ஹேவனின் முதல் பதிவு ஜனவரி 9. அதன் பழைய கணக்கு 1598, இன்றைய கணக்கு 1599. இரண்டு ஆண்டும் புத்தகங்களில் உலவுவதற்கு இதுதான் காரணம்.

லாட்ஜ் எண்ணை ஆண்டோடு சேர்த்துப் பிடியுங்கள்

மிக அதிகமானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இங்கிலாந்தின் லாட்ஜ்களுக்கு ஒரே எண் நிரந்தரமாக இருந்ததில்லை. செயலற்றுப்போன லாட்ஜ்களை நீக்கிவிட்டு மீதியை மேலே நகர்த்தி, 1740, 1755, 1770, 1780, 1781, 1792, 1814, 1832, 1863 ஆகிய ஆண்டுகளில் எண்களை மாற்றினார்கள். 1814 மாற்றம் எல்லாவற்றையும்விடக் குழப்பமானது. இரண்டு அமைப்புகளின் பட்டியலையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்தபோது, முதலிடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டார்கள். ஏன்ஷியண்ட்ஸ் வென்றார்கள். மாடர்ன்ஸ் பட்டியலில் 1ஆக இருந்த ஆன்டிக்விட்டி லாட்ஜ் 2ஆக இறங்கியது. எனவே 'லாட்ஜ் எண் 150' என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை. எந்த ஆண்டின் 150?

இதற்கான கருவி ஜான் லேன் தொகுத்த பட்டியல். இங்கிலாந்து அமைப்பின் கீழ் 1717 முதல் 1894 வரை உலகெங்கும் உருவான லாட்ஜ்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு அதில் இருக்கிறது. வாரண்ட் (லாட்ஜ் நடத்தக் கிராண்ட் லாட்ஜ் தரும் அனுமதிப் பத்திரம்) தேதி, பெயர் மாற்றம், பெற்ற எண்கள் ஆண்டு வாரியாக, கூடிய விடுதிகள், அரங்குகள், பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம்.

சென்னையை வைத்துப் பார்ப்போம். இங்கே முதல் லாட்ஜ் 1752இல் தொடங்கியது. இன்றும் பேசப்படும் பழைய லாட்ஜ் 'பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி'. தொடக்கம் 1786, 1863க்குப் பிறகு எண் 150. இதைத் தேட வேண்டிய முறை:

1. லேன் பட்டியலில் பெயரைப் போடாமல் ஊரைப் போடுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் லாட்ஜ்கள் பலவற்றுக்குப் பெயரே கிடையாது. கூடிய சத்திரத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டன. மெட்ராஸ், ஃபோர்ட் செயின்ட் ஜார்ஜ், கோரமண்டல் கோஸ்ட் என எல்லாத் தலைப்பையும் பாருங்கள்.
2. கிடைத்த பதிவின் எண்கள் அனைத்தையும் ஆண்டோடு ஒரு தாளில் எழுதுங்கள். உறுப்பினர் பதிவேட்டைத் திறக்க இதுதான் சாவி. 1800இன் ஆளைத் தேடும்போது 1792 முதல் 1814 வரை இருந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும்; 150 என்று தேடினால் வேறு ஏதோ ஊரின் லாட்ஜ் வந்து நிற்கும்.
3. வாரண்ட் தேதியையும் முதல் கூட்டத் தேதியையும் தனித்தனியே குறியுங்கள். கப்பல் தூரத்தில் இருந்த லாட்ஜ்களில் கூட்டம் முன்னே நடந்து, லண்டன் அனுமதி பின்னே வந்துசேர்ந்திருக்கும். லாட்ஜ் தன் ஆண்டு விழாவைக் கொண்டாடும் தேதி இந்த இரண்டில் எது என்று கவனியுங்கள்.
4. நீக்கிய தேதியை மூடிய தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஆண்டுகளாகச் சந்தாவும் கடிதமும் வராததால் லண்டன் தன் புத்தகத்தில் கோடு போட்ட நாள் அது. லாட்ஜ் அதற்கு வெகுமுன்பே கலைந்திருக்கலாம்.

அயர்லாந்துக்கு இந்தப் பட்டியல் உதவாது, அங்கே பொறியும் வேறு. செத்துப்போன லாட்ஜின் எண்ணை எடுத்து வேறொரு ஊரின் புதிய லாட்ஜுக்குக் கொடுக்கும் வழக்கம் ஐரிஷ்காரர்களுக்கு உண்டு. ஒரே எண்ணில் நூறாண்டுக்குள் மூன்று வெவ்வேறு லாட்ஜ் இருந்தாலும் ஆச்சரியமில்லை. படைப்பிரிவோடு ஊர் ஊராகச் செல்லும் லாட்ஜுக்கு முதன்முதலில் வாரண்ட் கொடுத்ததும் அவர்களே, 1732இல். இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களும் அதிகாரிகளும் பலர் இப்படிப்பட்ட லாட்ஜ்களில்தான் சேர்ந்தார்கள். அந்த லாட்ஜுக்கு ஊர்ப்பெயர் இருக்காது, ரெஜிமெண்டின் எண் மட்டுமே இருக்கும். ரெஜிமெண்ட் எந்த ஆண்டு எங்கே இருந்தது என்ற பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இதை அவிழ்க்க முடியாது.

ஆளைத் தேடும் பதிவேடுகள்

ஐக்கிய கிராண்ட் லாட்ஜின் 1751 முதல் 1921 வரையான உறுப்பினர் பதிவேடுகளும், ஐரிஷ் கிராண்ட் லாட்ஜின் 1733 முதல் 1923 வரையானவையும் ஆன்செஸ்ட்ரி என்ற குடும்ப வரலாற்று இணையதளத்தில் படங்களாக உள்ளன. அது சந்தாத் தளம். பிரிட்டனின் பொது நூலகங்கள் பலவற்றில் அங்கேயே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்க விடுவார்கள். 1921க்குப் பிந்தையவர்களுக்கு லண்டன் கிரேட் குயின் தெருவில் உள்ள ஃபிரீமேசன்ரி அருங்காட்சியகத்துக்கு எழுத வேண்டும்.

பதிவேட்டின் ஒரு வரியில் பொதுவாகப் பெயர், வயது, தொழில், ஊர், மூன்று படிகளுக்கான தேதிகள் இருக்கும்: தீட்சை பெற்ற நாள், இரண்டாம் படி, மூன்றாம் படி. அவர் வேறு லாட்ஜிலிருந்து வந்து சேர்ந்தவரானால் தீட்சைத் தேதி இருக்காது. சேர்ந்த தேதி மட்டும் இருக்கும். இதைப் பார்க்காமல் 'இந்த ஆண்டு மேசன் ஆனார்' என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

இந்தப் பதிவேடு லண்டனில் உட்கார்ந்து எழுதிய நகல் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு லாட்ஜின் செயலரும் ஆண்டுதோறும் அனுப்பிய பட்டியலைப் பார்த்து குமாஸ்தா பெயர்த்து எழுதியது. சென்னையிலிருந்து போன பட்டியல் ஆறேழு மாதம் கடலில் இருந்தது. சில கப்பல்கள் போய்ச் சேரவே இல்லை. சில செயலர்கள் அனுப்பவே இல்லை. ஆகவே பெயர் இருந்தால் அது சான்று. பெயர் இல்லாததை எதற்கும் சான்றாக வைக்க முடியாது. மாடர்ன்ஸ் அமைப்பு 1768இல்தான் முறையான பதிவைத் தொடங்கியது. அதற்கு முன் கிராண்ட் லாட்ஜ் குறிப்பேட்டில் எழுதிய 1723, 1725, 1730 ஆண்டுப் பட்டியல்கள் மட்டுமே உண்டு. 1731 முதல் 1767 வரை மாடர்ன்ஸ் ஆள் ஒருவர் பதிவேட்டில் இல்லை என்று யாராவது ஆச்சரியப்பட்டால், அந்தக் காலத்துக்குப் பதிவேடே இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

தேடும்போது பெயர் மூலம் தேடும் பெட்டியை நம்பாதீர்கள். கையெழுத்தைப் படித்து அட்டவணை போட்டவர்களுக்கு இந்தியப் பெயர் எதுவும் பழக்கமில்லை. ஊரையும் எண்ணையும் வைத்து அந்த லாட்ஜின் பக்கத்துக்கே போய், படத்தைக் கண்ணால் படியுங்கள். அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலையும் அந்த வயதில் அவர் கொண்டிருந்த பெயரையும் நினைவில் வையுங்கள். 1884 பிப்ரவரி 19 அன்று கல்கத்தாவின் ஆங்கர் அண்ட் ஹோப் லாட்ஜில் தீட்சை பெற்றவரை விவேகானந்தர் என்று தேடினால் கிடைக்கமாட்டார். அன்று அவர் நரேந்திரநாத் தத்தா.

வயதுப் பத்தியும் பேசும். ருட்யார்ட் கிப்ளிங் லாகூரின் 'ஹோப் அண்ட் பெர்சிவரன்ஸ்' லாட்ஜில் (எண் 782) 1886 ஏப்ரல் 5 அன்று சேர்ந்தபோது அவருக்கு வயது 20. விதிப்படி 21 ஆகியிருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்குச் சிறப்பு அனுமதி தேவை. அனுமதி கேட்ட கடிதம் ஒன்று, கொடுத்த பதில் ஒன்று, அதை வாசித்த கூட்டத்தின் குறிப்பு ஒன்று என மூன்று ஆவணங்கள் பிறந்திருக்கும். விதிவிலக்கு எங்கே நடந்ததோ அங்கே காகிதம் அதிகம். ஆய்வாளருக்கு நல்ல மோப்பம் இதுதான்.

கூட்டக் குறிப்பேடு

மினிட் புக் என்று எல்லாரும் சொல்லும் இந்தப் புத்தகம் லாட்ஜின் சொந்தச் சொத்து. பெரும்பாலும் அந்தந்த லாட்ஜிடமே இருக்கும். தேதி, தலைமை வகித்தவர், மற்ற அலுவலர்கள், யாரை யார் முன்மொழிந்தார், வாக்கெடுப்பு முடிவு, தர்மத்துக்குக் கொடுத்த தொகை ஆகியவை இதில் கிடைக்கும். சடங்கின் சொற்கள் கிடைக்காது. ஒருவரை ஏன் நிராகரித்தார்கள் என்ற காரணமும் அநேகமாக இருக்காது.

இதில் எல்லாரும் தாண்டிப்போகும் பகுதி விருந்தினர் பட்டியல். எந்த ஊர், எந்த லாட்ஜ் ஆட்கள் வந்தார்கள் என்பது அதில்தான் தெரியும். ஓர் அதிகாரி, ஒரு வணிகர், ஒரு கப்பல் தலைவர் ஒரே மேசையில் எப்போது உட்கார்ந்தார்கள் என்று காட்டும் வேறு ஆவணம் அரிது. உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு தேதியைப் படம் எடுத்துக்கொண்டு ஓடாமல், முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மூன்று ஆண்டுகளைத் தொடர்ச்சியாகப் படியுங்கள். முந்தைய கூட்டக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசித்துத்தான் கையெழுத்திடுவார்கள். கையெழுத்தின் கீழுள்ள தேதி அந்த அடுத்த கூட்டத்துடையது. அதைக் கூட்ட நாளாகக் குறித்துவிடாதீர்கள்.

மூலக் குறிப்பேடு கிடைக்காதபோது லாட்ஜ் தன் நூற்றாண்டு விழாவுக்கு அச்சிட்ட வரலாற்று நூலைத் தேடுங்கள். இவ்வகை நூல்களின் முதல் அத்தியாயம் எகிப்து, சாலமோன் என்று போகும், அதைத் தாராளமாகத் தள்ளலாம். நடு அத்தியாயங்களில் குறிப்பேட்டிலிருந்து வரிக்கு வரி எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அசல் கரையானுக்குப் போய்விட்டால் இந்த நூல் மட்டுமே மிஞ்சும்.

வெளிச் சான்று

லாட்ஜின் ஆவணத்தை லாட்ஜின் ஆவணத்தால் மட்டும் சரிபார்த்தால் போதாது. ஃபிரீமேசன்ரி அருங்காட்சியகம் இலவசமாகத் தரும் பழைய இதழ்த் தொகுப்பில் 1793இல் தொடங்கிய இதழ் முதல், 1869இல் தொடங்கிய 'தி ஃபிரீமேசன்' என்ற வார இதழ் வரை சொல் தேடலாம். சென்னை, பெங்களூர், கொழும்புச் செய்திகள் அதில் அடிக்கடி வரும். பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். கணினி அதை 'எஃப்' என்றே படித்து வைத்திருக்கும். ஒரு சொல்லுக்கு எதுவும் கிடைக்காவிட்டால் அந்த எழுத்தை மாற்றிப் போட்டு மறுபடி தேடுங்கள். திருச்சி, தஞ்சாவூர் போன்ற ஊர்களுக்கு அந்நாளில் நாலைந்து எழுத்துக்கூட்டல் இருந்தது. எல்லாவற்றையும் முயல வேண்டும்.

பிரிட்டனில் இன்னொரு புதையல் இருக்கிறது. 1799இல் வந்த சட்டவிரோதச் சங்கங்கள் சட்டம் மேசன்களுக்கு விலக்கு கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு லாட்ஜும் ஆண்டுதோறும் உறுப்பினர் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றை மாவட்ட அமைதி எழுத்தர் என்ற நீதிமன்ற அலுவலரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 1967 வரை இந்த விதி நீடித்தது. அந்தப் பட்டியல்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களில், நீதிமன்றக் காலாண்டு அமர்வுக் கட்டுகளுக்குள் கிடக்கின்றன. லாட்ஜ் தன் புத்தகத்தைத் தொலைத்திருந்தாலும் அரசின் பிரதி இருக்கும். இந்தியாவுக்கு இது பொருந்தாது. இங்கே இருந்தவர்களுக்கு, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் சென்னை மாகாணத்தின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளையும் ராணுவப் பணிப் பதிவுகளையும் வைத்துத்தான் ஒரே பெயருள்ள இரண்டு கேப்டன்களைப் பிரித்தறிய வேண்டும்.

ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உம்ரா திருச்சியில் மேசன் ஆன செய்தி, சான்றுகளைச் சேர்த்துப் பார்க்க நல்ல பயிற்சி. 1770களின் நடுப்பகுதியில் அவர் தீட்சை பெற்றார். செய்தி கேட்டு லண்டன் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு மேசன்கள் இடுப்பில் கட்டும் ஏப்ரனும் தன் சட்டநூலும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் நன்றி மடல் எழுதினார். இதற்கு நூலுக்கு நூல் ஆண்டு ஒன்றிரண்டு மாறுகிறது. திருச்சியில் நடந்த நாள், லண்டனுக்குச் செய்தி எட்டிய நாள், பரிசு புறப்பட்ட நாள், மடல் வந்து வாசிக்கப்பட்ட நாள் ஆகிய நான்குக்கும் இடையே மாதக்கணக்கில் கடல் இருக்கிறது. நான்கையும் தனித்தனி வரியில் எழுதிப் பாருங்கள். முரண் என்று தோன்றியதில் பெரும்பகுதி தானே கரையும். அவர் நவாப் ஆனது 1795இல்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'நவாப் தீட்சை பெற்றார்' என்று பின்னாளில் எழுதியவர்கள் பிற்காலப் பட்டத்தை முன்னே தள்ளிவிட்டார்கள்.

தோற்றத்தை ஆராய்பவர்களுக்கு

1717 ஜூன் 24 அன்று லண்டன் செயின்ட் பால் ஆலய முற்றத்தருகே 'கூஸ் அண்ட் கிரிடயர்ன்' என்ற மதுக்கடையில் நான்கு லாட்ஜ்கள் கூடி, ஆண்டனி சேயரைக் கிராண்ட் மாஸ்டர், அதாவது கிராண்ட் லாட்ஜின் தலைவர், ஆக்கின என்று எல்லா நூலும் சொல்லும். இதற்கு ஆதாரம் என்ன என்று கேளுங்கள். ஜேம்ஸ் ஆண்டர்சன் எழுதிய சட்டநூலின் 1738ஆம் ஆண்டுப் பதிப்பு. அதாவது நிகழ்ச்சிக்கு 21 ஆண்டு கழித்து வந்தது. அதே ஆண்டர்சனின் 1723 முதல் பதிப்பு இந்தக் கூட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கிராண்ட் லாட்ஜின் சொந்தக் குறிப்பேடு தொடங்குவது 1723 ஜூன் 24இல். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுக்குக் குறிப்பேடு கிடையாது. மாண்டேகு பிரபு 1721 ஜூன் 24 அன்று கிராண்ட் மாஸ்டர் ஆனதற்கோ சமகாலச் சான்று உண்டு. ஆகவேதான் 2017இல் 300ஆம் ஆண்டு விழா நடந்துகொண்டிருக்கும்போதே சில வரலாற்றாளர்கள் உண்மையான தொடக்கம் 1721 என்று வாதிட்டார்கள். மறுப்பவர்களும் உண்டு. உங்கள் கட்டுரையில் '1717' என்று எழுதுவது தவறில்லை. 'ஆண்டர்சன் 1738இல் சொல்வதன்படி' என்ற மூன்று சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் பின்னால் போக வேண்டுமானால் ஸ்காட்லாந்துதான் வழி. அரசர் ஆறாம் ஜேம்ஸின் கட்டடப் பணித் தலைவர் வில்லியம் ஷா 1598இலும் 1599இலும் கல்தச்சர்களுக்கு ('மேசன்' என்ற சொல்லின் பொருளே கல்தச்சர்தான்) விதிமுறை வகுத்தார். லாட்ஜ்கள் குறிப்பேடு எழுதத் தொடங்கியது அதே ஓரிரு ஆண்டுகளில்தான். எடின்பரோவின் மேரிஸ் சேப்பல் லாட்ஜ் குறிப்புகள் 1599 ஜூலையில் தொடங்குகின்றன. கல் வேலை செய்யாத கனவான்கள் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதை இந்தப் புத்தகங்களில் நேராகப் பார்க்கலாம். இங்கிலாந்தில் அவ்வளவு பழைய லாட்ஜ் குறிப்பேடு இல்லை. எலியாஸ் ஆஷ்மோல் 1646 அக்டோபர் 16 அன்று வாரிங்டனில் மேசன் ஆனதாகத் தன் நாட்குறிப்பில் எழுதிய சில வரிகள் போன்ற உதிரிகளைத்தான் கோக்க வேண்டும்.

'பழைய கட்டளைகள்' எனப்படும் கையெழுத்துப் பிரதிகள் நூற்றுக்கும் மேல் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ரீஜியஸ், குக் என்ற இரண்டும் மிகப் பழையவை. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதியை ஒட்டியவை. இவை கல்தச்சர்களின் ஒழுங்கு விதிகளும் புராணக் கதையும். இன்றைய லாட்ஜ் சடங்கு அதில் இருப்பதாக வாசிப்பது காலத்தை மாற்றி வைப்பதாகும். சடங்கின் பழைய வடிவம் வேண்டுமானால், மேசன்களைக் காட்டிக்கொடுக்க அச்சிட்ட நூல்களைப் பார்க்க வேண்டும். 1730இல் சாமுவேல் பிரிச்சார்ட் வெளியிட்டது முதன்மையானது. எதிரி எழுதியது என்று ஒதுக்கிவிட வேண்டாம். மேசன்களே அதை வாங்கி மனப்பாடம் செய்யப் பயன்படுத்தினார்கள்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு, 1886 முதல் லண்டனில் செயல்படும் குவாட்டுவோர் கொரோனாட்டி என்ற ஆராய்ச்சி லாட்ஜின் ஆண்டுத் தொகுதிகள் தவிர்க்க முடியாதவை. ஆவணத்தைக் காட்டாமல் எதையும் சொல்லக் கூடாது என்ற ஒழுங்கை மேசன்களிடையே கொண்டுவந்தவர்கள் இவர்கள். பழைய தொகுதிகளில் முடிவுரையைவிட, கட்டுரையைத் தொடரும் விவாதப் பக்கங்கள் அதிகம் உதவும்.

பிற மொழிக் காப்பகங்கள்

பிரான்சின் தேசிய நூலகத்தில் மேசன் ஆவணத்துக்கென்று தனித் தொகுப்பு உண்டு. லாட்ஜ்கள் பாரிஸுக்கு எழுதிய கடிதக் கட்டுகள், ழான் போசு தயாரித்த பெரிய பெயர் அட்டைத் தொகுப்பு இரண்டும் அங்கே உள்ளன. புதுச்சேரியை ஆராய்பவர் லண்டனை விட்டுவிட்டு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிரெஞ்சுக் கையெழுத்தில் முக்கோணமாக மூன்று புள்ளி வைத்திருந்தால் அது சுருக்கக் குறி. டச்சுக் காலத்து இலங்கைக்கு ஹேக் நகரில் உள்ள டச்சு அமைப்பின் தொகுப்பு.

ஐரோப்பியத் தொகுப்புகள் ஏன் ஊர் மாறிக் கிடக்கின்றன என்பதற்குக் காரணம் இரண்டாம் உலகப் போர். நாஜிகள் பல நாட்டு லாட்ஜ்களைச் சூறையாடி ஆவணங்களைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு பகுதியைச் சோவியத் படை மாஸ்கோவுக்கு எடுத்துச் சென்றது. பிரெஞ்சுக்காரர்களுக்கு உரியது 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் திரும்பியது. இன்னொரு பகுதி போலந்தின் போஸ்னான் பல்கலைக்கழக நூலகத்தில் தங்கிவிட்டது. ஸ்பெயினில் ஃபிராங்கோ அரசு மேசன்களைத் தண்டிக்கத் திரட்டிய கோப்புகள் சாலமாங்காவில் உள்ளன. போலீஸ் கோப்பைப் படிக்கும்போது, குற்றம் சாட்டவென்றே எழுதப்பட்டது என்ற நினைவு வேண்டும்.

போலிகள்

சில போலிகள் இன்னும் உயிரோடு உலவுகின்றன. தத்துவவாதி ஜான் லாக் எழுதியதாக 1753இல் அச்சான மேசன் கடிதம் போலி. 1535 தேதியிட்ட கொலோன் சாசனமும் அப்படியே. மேசன்கள் சாத்தானை வழிபடுகிறார்கள் என்று நூல் நூலாக எழுதிக் குவித்த லியோ டாக்சில், 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் கூட்டி, அத்தனையும் தான் புனைந்தது என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவர் எழுதிய வாக்கியங்களோ இன்றும் வாட்சப்பில் மேற்கோளாக வருகின்றன. பிரபலங்களின் பட்டியல்களிலும் இதே கதை. லாட்ஜின் பெயர், ஊர், தீட்சைத் தேதி மூன்றும் இல்லாத பெயரை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மூன்றும் உண்டு: ஃபிரெடரிக்ஸ்பர்க் லாட்ஜ், வர்ஜீனியா, 1752 நவம்பர் 4.

சென்னையிலிருந்து தொடங்கினால்

எழும்பூர் எத்திராஜ் சாலையில் 1920களில் கட்டிய ஃபிரீமேசன்ஸ் ஹால் இருக்கிறது. பல லாட்ஜ்கள் அங்கேதான் கூடுகின்றன. முன்னறிவிப்பில்லாமல் போய் 'பழைய புத்தகம் காட்டுங்கள்' என்று நிற்பதால் பயனில்லை. அதே எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் முதலில் வேலையை முடியுங்கள். பழைய சென்னை அல்மனாக்குகள், டைரக்டரிகள், செய்தித்தாள்கள் ஆகியவற்றில் லாட்ஜின் பெயரும் அலுவலர் பெயரும் அடிபடும் இடங்களைத் தொகுத்துக்கொண்டு, பிறகு லாட்ஜ் செயலருக்கு எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். லாட்ஜின் பெயர், அன்றைய எண்ணும் இன்றைய எண்ணும், உங்களுக்கு வேண்டிய காலம் (உதாரணமாக 1880 முதல் 1884 வரை), தேடும் நபரின் பெயர் அன்றைய எழுத்துக்கூட்டலில், ஏற்கெனவே எங்கெங்கே பார்த்தீர்கள், எதற்காக என்பவை இருந்தால் போதும். உயிரோடிருப்பவர்கள் பற்றியும் சடங்கு பற்றியும் கேட்கப்போவதில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் கதவு எளிதில் திறக்கும். படமெடுக்க அனுமதித்தால் ஃபிளாஷ் வேண்டாம். முதலில் அட்டை, பிறகு தலைப்புப் பக்கம், பிறகு ஒவ்வொரு பக்கமும் அதன் எண் தெரியும்படி எடுங்கள். எடுத்த படங்களின் முழுத் தொகுப்பு ஒன்றை லாட்ஜுக்கே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த புத்தகம் கேட்க அது உதவும்.